மெலாஹத்தின் சுத்தமான கிண்ணம்

மெலாஹத் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறவர்கள் உள்ளங்கையை இரண்டு முறை நீட்ட வேண்டும். துருக்கியின் அக்ஹிசாரில் எந்த வீட்டுக்குப் போனாலும் உட்கார்ந்த உடனே கொலோன்யா என்ற ஆல்கஹால் கலந்த வாசனைநீர்ப் புட்டி வரும். எலுமிச்சை வாசனையோடு கையில் நாலு சொட்டு விழும். தேய்த்து முகத்திலும் ஒற்றிக்கொண்டால் மிட்டாய்த் தட்டு வரும். மற்ற வீடுகளில் அது மரியாதை, மெலாஹத் வீட்டில் அது சிகிச்சை. முதல் முறை ஊற்றித் தேய்க்கச் சொல்லிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முப்பது வரை எண்ணி, "விரலிடுக்கு விட்டுப்போச்சு" என்று இன்னொரு முறை ஊற்றுவாள். மிட்டாய் அதற்குப் பிறகுதான். தெருவில் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வீட்டு மிட்டாய் நல்ல மிட்டாய்.

அவளுடைய அப்பா முடிதிருத்துபவர். சவரம் முடிந்த கன்னங்களில் அவர் கொலோன்யாவை அறைவதைப் பார்த்தே வளர்ந்தவள். பத்தொன்பது வயதில் ஊர் மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். முப்பத்தொரு வருஷம் அங்கேயே இருந்தாள். டாக்டர்கள் வந்தார்கள், மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். சளிக் குப்பிகளும் சிறுநீர்க் குப்பிகளும் அவற்றில் இருந்ததைத் தட்டுகளில் வளர்த்துப் பார்க்கும் மெலாஹத்தும் மட்டும் மாறவில்லை. புதிதாக வரும் ஒவ்வொரு நர்ஸ் கூட்டத்துக்கும் கை சுத்தம் பற்றிப் பாடம் எடுத்தவள் அவள்தான். அந்தப் பாடத்தை வீட்டுக்கு வந்த விருந்தாளிகளும் தப்பாமல் கேட்டிருக்கிறார்கள்.

"கிருமிக்கும் தோல் உண்டு. ரெண்டு மடிப்பு கொழுப்பு. அவ்வளவுதான் அதோட வீராப்பு. கொலோன்யா அந்தக் கொழுப்புக்குள்ள பூந்து தளர்த்திவிட்டுடும். தோலு ஓட்டையாயிடும். உள்ள இருக்குறது வெளிய ஒழுகும், வெளிய இருக்குறது உள்ள போகும். மிச்சம் இருக்குற புரதம் வெந்த முட்டையாட்டம் கட்டிப்போயிடும். முடிஞ்சுது கதை."

அப்போது யாராவது, ரொம்பத் தெரிந்தவர் மாதிரி, "அப்படின்னா சுத்த ஆல்கஹாலே ஊத்திக்கலாமே அக்கா?" என்று கேட்டுவிட வேண்டும். அவளுக்கு அதுதான் வேண்டும்.

"அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறீங்க. தண்ணி இல்லாத ஆல்கஹால் வாசல்லயே எல்லாத்தையும் கெட்டியாக்கிக் கதவை அடைச்சிக்கும். உள்ள போகணும்னா தண்ணி வேணும். எண்பது டிகிரி, அதாவது நூத்துக்கு எண்பது பங்கு ஆல்கஹால். அதுக்கு மேலயும் வேணாம், ரொம்பக் கீழயும் வேணாம்."

அவளுடைய கணவர் ரிஃப்கி, ரயில்வேயில் வேலை பார்த்தவர், சாதுவான மனிதர். இருபத்தாறு வருஷம் இரவு படுக்கப் போகும் முன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் போனார். "என் தோலும் கொழுப்புதான், கொஞ்சம் பாத்து ஊத்து" என்பது அவருடைய ஒரே எதிர்ப்பு. அவரும் போய்ச் சேர்ந்து, அவளும் ஓய்வு பெற்ற பிறகு, அந்த வீட்டில் மெலாஹத்தும் மகன் நெவ்ஸாத்தும் எலுமிச்சை வாசனையும் மட்டும் மிஞ்சியிருந்தார்கள்.

அந்த வருஷம் இலையுதிர்காலத்தில் நெவ்ஸாத்துக்குக் கல்யாணம் நடந்தது. மருமகள் ஸெலிஹா மலைப்பக்கத்துக் கிராமத்துப் பெண். ஆலிவ் கூட்டுறவுச் சங்கத்தில் எடைமேடைக் கணக்கு எழுதுகிறவள். பெட்டிகளோடு வந்து இறங்கியவள் ஒரு கண்ணாடிச் சாடியை மட்டும் யாரிடமும் கொடுக்காமல், துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன அது மகளே?"

"உறைத் தயிரும்மா. எங்கம்மாவோடது."

ஸெலிஹாவின் தாய் அந்த வருஷம் பிப்ரவரியில்தான் இறந்திருந்தாள். அண்ணன் வீட்டை விற்றுவிட்டு இஸ்மிருக்குப் போய்விட்டான். போகிற அவசரத்தில் குளிர்பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் குப்பையில் கொட்டினான். அதற்கு இரண்டு நாள் முன்னால் ஸெலிஹா எடுத்து வைத்துக்கொண்ட இந்த ஒரு சாடி தப்பியது. அக்கம்பக்கத்திலும் எல்லாரும் டப்பாத் தயிருக்கு மாறி வருஷங்கள் ஆகின்றன. தாய் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முப்பது வருஷமாக, நாலு நாளைக்கு ஒரு தரம், தயிரிலிருந்து பாலுக்கு, பாலிலிருந்து தயிருக்கு என்று விட்டுப்போகாமல் காப்பாற்றி வந்தது அது. ஸெலிஹாவுக்குத் தாயிடமிருந்து கிடைத்ததில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

மெலாஹத் சாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"முப்பது வருஷமா? ஒரு தடவைகூடக் கொதிக்க வச்சுச் சுத்தம் பண்ணலியா?"

"தயிரை எப்படிம்மா கொதிக்க வைக்கிறது?"

"அதுவும் சரிதான்" என்று சாடியைக் குளிர்பெட்டியில் வைத்தாள். ஆனால் மூடியின் வெளிப்புறத்தைக் கொலோன்யா போட்டுத் துடைத்த பிறகுதான் வைத்தாள். அவள் தன் வாழ்நாளில் தயிருக்கு உறை ஊற்றியதே இல்லை. கடையில் முத்திரை போட்ட டப்பா கிடைக்கும்போது வேறு எதற்கு என்பது அவள் கட்சி. கிருமி என்றால் அவளுக்கு மருத்துவமனைக் குப்பியில் வருவது. தயிர் என்றால் சமையலறையில் இருப்பது. இரண்டும் ஒரே பேச்சில் வர வேண்டிய அவசியம் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளும் ஏற்படவில்லை.

முதல் ஒன்றரை மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஸெலிஹா பாலைக் காய்ச்சி, சுண்டு விரல் பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருப்பாள். ஒரு சின்னக் கிண்ணத்தில் ஒரு கரண்டி பழைய தயிரைப் போட்டுக் குழைத்து, கொஞ்சம் பால் விட்டுக் கரைத்து, பெரிய பாத்திரத்தில் ஊற்றிக் கம்பளியில் சுற்றி வைப்பாள். காலையில் கத்தியால் வெட்டி எடுக்கலாம் போலத் தயிர் நிற்கும். மெலாஹத்தே இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பிறகு ஆலிவ் அறுவடை தொடங்கியது. ஸெலிஹா வீடு திரும்ப இருட்டிவிடும். பாவம், களைத்து வருகிற பெண்ணுக்கு நாமும் கை கொடுப்போம் என்று மெலாஹத்துக்குத் தோன்றியது. அங்கேதான் வினை ஆரம்பமானது. பாலைக் காய்ச்சுவது, பாத்திரத்தைத் தயாராக வைப்பது எல்லாம் தன் பொறுப்பு என்றாள். பாத்திரம் என்றால் அவளுக்குச் சும்மா கழுவிக் கவிழ்ப்பது இல்லையே. உறை கரைக்கும் சின்னக் கிண்ணத்தில் கொலோன்யாவை ஊற்றிச் சுழற்றி, அடியில் ஒரு விரற்கடை மிச்சம் வைத்து, தூசி விழாமல் மேலே ஒரு தட்டைப் போட்டு மூடி வைத்தாள்.

முதல் நாள் ஸெலிஹா தட்டைத் திறந்து பார்த்து, "இதுல கொலோன்யா நிக்குதேம்மா?" என்று கேட்டது உண்மை.

"நிக்கட்டும். அது தானா பறந்துடும். நீ துணியப் போட்டுத் துடைச்சு அழுக்கத் திரும்ப ஏத்திடாதே."

மூடி போட்டு வைத்த கிண்ணத்திலிருந்து எது எங்கே பறக்கும் என்று கேட்டிருக்கலாம். ஆனால் எதிரே நிற்பது ஊரில் பாதி நர்ஸுகளுக்குப் பாடம் எடுத்த அம்மாள். ஸெலிஹா வாயை மூடிக்கொண்டு, தாயின் தயிரில் ஒரு கரண்டி எடுத்து அந்தக் கிண்ணத்தில் போட்டுக் குழைத்தாள். எலுமிச்சை வாசனை அடித்ததே என்றால், அந்த வீட்டில் திரைச்சீலைகூட எலுமிச்சை வாசனைதான் அடிக்கும்.

மறுநாள் காலை பாத்திரத்தில் இருந்தது தயிர் இல்லை, ஆறிய பால்.

"அடுப்படி குளிர்ந்து கெடக்கு, அதான்" என்றாள் மெலாஹத். அடுத்த தடவை இரண்டு கம்பளி சுற்றினார்கள். ஆறிய பால். அதற்கடுத்த தடவை பாலை மாற்றினார்கள். நெவ்ஸாத் போய் வேறு பண்ணையிலிருந்து எருமைப்பால் வாங்கி வந்தான். ஆறிய எருமைப்பால். ஒவ்வொரு தோல்விக்கும் சாடியிலிருந்து ஒரு கரண்டி குறைந்தது. புதிதாக எதுவும் உள்ளே போகவில்லை. மிச்சம் இருந்ததும் நாளுக்கு நாள் புளித்துக்கொண்டே வந்தது.

மெலாஹத்துக்கு மருமகள் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இதைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று மனதார நினைத்தாள். ஆகவே கொலோன்யாவின் அளவைக் கூட்டினாள். பால் பாத்திரத்துக்கும் ஊற்றினாள். உறை ஊற்றும் முன் ஸெலிஹாவின் கையில் இரண்டு முறைக்குப் பதில் மூன்று முறை ஊற்றினாள்.

இப்படிப்பட்ட செய்தி ஒரு வீட்டுக்குள் எத்தனை நாள் நிற்கும்? எதிர்வீட்டுப் பெரிஹான் ஒரு நாள் வெங்காயம் கடன் கேட்க வந்து, அடுப்படியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். பெரிஹான் வீட்டுக் கழுவுதொட்டியில் நேற்றைய பாத்திரம் நாளைய பாத்திரத்துக்காகக் காத்திருக்கும். அவள் வாயும் அப்படித்தான், எதையும் கழுவாமல் வெளியே விடும்.

"பால்ல என்ன இருக்கு அக்கா, எல்லாம் கையிலதான் இருக்கு" என்று போகும்போது மெலாஹத்தின் காதில் ஓதினாள். "சில பொண்ணுங்க கை அப்படி. மனசு இந்த வீட்டுல ஒட்டலன்னா உறை நிக்காது."

மெலாஹத் அதை மறுக்கவில்லை. அறிவியல் தெரிந்தவள், சீச்சீ என்று தள்ளியிருக்க வேண்டும். ஆனால் காரணம் தெரியாத இடத்தில் கிடைத்த காரணத்தைப் பிடித்துக்கொள்வது மருத்துவமனையிலும் நடக்கிற காரியம்தான். அன்று மாலை, ஏதோ ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "உன் கைக்கு இது ஒத்துக்கலபோல. விடு மகளே, கடையில டப்பா வாங்கிக்கலாம்" என்றாள்.

 ஸெலிஹா சாடியைத் திறந்து காட்டினாள். அடியில் ஒரு கரண்டி இருந்தது. வழித்தால் ஒன்றேகால்.

"இதுவும் போச்சுன்னா எங்கம்மாவோடது அவ்வளவுதான்ம்மா" என்றாள். "வெள்ளிக்கிழமை கடைசியா ஒரு தடவை விட்டுப் பாக்குறேன்."

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மெலாஹத் வழக்கத்தைவிடச் சுத்தமாகக் கிண்ணத்தைத் தயார் செய்து, மூடி வைத்துவிட்டு, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் கை சுத்த வாரம். ஓய்வு பெற்ற பிறகும் அவளைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். நாற்பது பெண்கள் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். மெலாஹத் கொழுப்புத் தோலில் தொடங்கினாள், ஓட்டை போட்டாள், உள்ளே இருந்ததை ஒழுக விட்டாள், முட்டையை வேக வைத்தாள். கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து கன்னத்தில் பரு வைத்த ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், நல்ல கிருமியும் இருக்குதுல்ல? அதுங்க மேல பட்டா?"

மெலாஹத் சிரித்தாள். இந்த மாதிரிக் கேள்விதான் அவளுக்குப் பிடிக்கும். "ஆல்கஹால் உன்னோட அடையாள அட்டைய வாங்கிப் பாத்துட்டா கொல்லும்? நல்லதோ கெட்டதோ, தோலு கொழுப்புதானே? வயித்துல இருக்குறதும் சாகும், ஊறுகாயில இருக்குறதும் சாகும், தயிர்ல..."

அதோடு நின்றுவிட்டாள். பெண்கள் பேனாவைத் தூக்கிக் காத்திருந்தார்கள். தலைமை ஆசிரியை ஒரு தம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்தாள். மெலாஹத் தண்ணீரைக் குடிக்கவில்லை, கைப்பையை எடுத்தாள். "வீட்டுல அடுப்பு எரியுது" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வெளியே ஓடினாள்.

காலையிலிருந்து மழை. மழை பெய்தால் ஆலிவ் பறிக்க மாட்டார்கள், எடைமேடை காலியாகக் கிடக்கும், ஸெலிஹா மதியமே வீட்டுக்கு வந்துவிடுவாள். வந்ததும் முதல் வேலை எது என்று மெலாஹத்துக்குத் தெரியும். மினிபஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு மூன்று முறை போன் செய்தாள். மணி அடித்தது, எடுப்பார் இல்லை. ஓட்டுநர் வழியில் ரொட்டிக் கடையில் நிறுத்தி எள் தூவிய வளைய ரொட்டி இரண்டு வாங்கினான். அவன் கழுத்தை நெரிக்கலாமா என்றிருந்தது அவளுக்கு.

கதவைத் திறந்துகொண்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் செருப்போடு அடுப்படிக்குள் போனாள். ஸெலிஹா அடுப்பருகில் நின்றிருந்தாள். பால் இறக்கி வைத்திருந்தது. கிண்ணத்தின் தட்டு திறந்திருந்தது. ஸெலிஹாவின் கையில் கரண்டி, கரண்டியில் அந்தக் கடைசித் தயிர்.

"போடாதே!"

ஸெலிஹா அப்படியே நின்றாள். மெலாஹத் கிண்ணத்தைப் பிடுங்கித் தொட்டியில் கவிழ்த்தாள். குழாயைத் திறந்து மூன்று முறை கழுவினாள், கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள், ஆறவிட்டாள். கரண்டியை வாங்கித் தானே தயிரைக் கிண்ணத்தில் போட்டுக் குழைத்தாள். சாடியின் ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துப் போட்டாள். பாலில் கலந்தாள். கம்பளியைச் சுற்றினாள். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் சரி.

காலையில் தயிர் நின்றிருந்தது. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் தளதளப்பு, ஆனால் தயிர். ஸெலிஹா பாத்திரத்தைப் பார்த்து அழுதாள். பிறகு மெலாஹத்தின் கையைப் பிடித்து முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க கைம்மா. உங்க கைதான் காப்பாத்துச்சு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மெலாஹத் வாயைத் திறந்தாள். திறந்த வாயால், "போய் முகத்தக் கழுவு, வேலைக்கு நேரமாச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள்தான் உறை ஊற்றினாள். ஸெலிஹா கிட்டே வர மறுத்துவிட்டாள். தயிர் ஒவ்வொரு முறையும் நின்றது. நிற்காமல் என்ன செய்யும், கிண்ணத்தைத்தான் இப்போது தண்ணீரில் கழுவுகிறார்களே. மெலாஹத்தின் கை ராசி அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் முழுக்கப் பரவியது. மூன்றாம் மாடியிலிருந்து ஒருத்தி கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு உறை கேட்டு வந்தாள். முப்பத்தொரு வருஷம் கிருமியைக் கொன்றதற்குக் கிடைக்காத பேர், பத்து நாள் கொல்லாமல் இருந்ததற்குக் கிடைத்தது. அது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது, அதையும் மறைப்பானேன். ஆனால் சாப்பாட்டு மேசையில் ஸெலிஹா கைகளை மடியில் மறைத்து வைத்துக்கொள்வதைப் பார்க்கும்போது மட்டும் தயிர் தொண்டையில் இறங்கவில்லை.

மாதக் கடைசியில் பெண்கள் கூடும் தேநீர் நாள் மெலாஹத் வீட்டில் வந்தது. எட்டுப் பேர். எல்லார் கையிலும் இரண்டு முறை ஊற்றியாகிவிட்டது. ஸெலிஹா தட்டில் தேநீர் கொண்டு வந்தாள். கீரை வைத்துச் சுட்ட அடுக்கு ரொட்டியான பொரெக்கும், நடுவில் ஒரு கிண்ணத்தில் அந்தத் தயிரும் இருந்தன. பெரிஹான் தயிரை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள்.

"இதுக்குப் பேருதான் கை. மாமியார் கை பட்டதும் எப்படி நின்னுச்சு பாருங்க." பிறகு ஸெலிஹா பக்கம் திரும்பாமலே, அவள் காதில் விழும்படி சொன்னாள்: "தயிரே நிக்காத கையில நாளைக்குப் பிள்ளை எப்படிங்க நிக்கும்? நான் யாரையும் சொல்லல. பொதுவாச் சொன்னேன்."

ஸெலிஹாவின் தட்டில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. 

"அவ கையில ஒண்ணுமில்ல" என்றாள் மெலாஹத். "நான்தான் கொன்னேன்."

"என்ன அக்கா சொல்றே?"

"கிண்ணத்துல கொலோன்யா ஊத்தி வச்சேன். மூடியும் போட்டு வச்சேன். தினமும் நான் ஊருக்கெல்லாம் சொல்ற பாடம் இருக்கே, தோலு, கொழுப்பு, ஓட்டை. அதை அப்படியே அந்தப் பொண்ணோட அம்மா தயிருக்குச் செஞ்சேன். மூணு வாரம் செஞ்சேன். அன்னைக்கே தெரிஞ்சும் வாயத் திறக்கல. நீங்கல்லாம் கை ராசின்னு சொன்னதும் நல்லாருந்துச்சு, உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன்."

எல்லார் கண்ணும் தயிர்க் கிண்ணத்துக்குப் போனது. பிறகு மூன்றாம் மாடிக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது தொற்றிக்கொண்டது. "கிருமி டாக்டரம்மா தயிருக்கு ஆபரேஷன் பண்ணிட்டாங்க!" என்று பெரிஹான் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. தான் ஐந்து நிமிஷம் முன்னால் சொன்னது அவளுக்கு நினைவே இல்லை. இந்தக் கதை மாலைக்குள் சந்தை வரைக்கும் போய்விடும், நர்ஸ் பள்ளிக்கும் போகும் என்று மெலாஹத்துக்குத் தெரிந்தது. காது மடல்கள் சுட்டன. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நெஞ்சில் பத்து நாளாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரியும் இருந்தது.

ஸெலிஹா மட்டும் சிரிக்கவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

எல்லாரும் போன பிறகு மெலாஹத் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். உள்ளே போகத் துணியவில்லை. ஸெலிஹா பாலை அடுப்பில் வைத்துக் கிளறிக்கொண்டிருந்தாள். முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி படுத்துக்கிட்டு இந்தக் கைய வெட்டிப் போட்டுடலாமான்னு இருக்கும்" என்றாள், திரும்பாமலே. "எங்கம்மாவோடத நானே சாகடிச்சிட்டேன்னு. பிள்ளை பெத்துக்கவே பயமா இருந்துச்சு."

 மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகள் எல்லாம் மெலாஹத்துக்குச் சின்னதாகத் தெரிந்தன. நின்றாள்.

பால் பொங்கி வந்தது. ஸெலிஹா அடுப்பைத் தணித்து இறக்கி வைத்தாள். ஆறட்டும் என்று காத்திருந்தாள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ஸெலிஹா சுண்டு விரலை விட்டுப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி விட்டாள். பிறகு சின்னக் கிண்ணத்தைக் கழுவித் தன் முன்னால் வைத்துக்கொண்டு, தானே சாடியைத் திறந்தாள்.

"நான் கரைக்கிறேன், நீங்க பாலை ஊத்துங்க. கையக் கழுவிட்டு வாங்கம்மா."

மெலாஹத்தின் கை, அதன் பாட்டுக்கு, அலமாரியில் இருந்த புட்டியை நோக்கிப் போனது.

"தண்ணியில" என்றாள் ஸெலிஹா.